கிராஷ் டெஸ்ட் 'பாஸ்', ஆனா டம்ப் கோப்பு இல்லை

லினக்ஸ் மெஷினை வேணும்னே கிராஷ் பண்ணி டம்ப் எடுக்குதான்னு பார்க்குற உங்க டெஸ்டுக்கு, க்ராஷ்கர்னல் ஒதுக்கீட்டை (கிராஷ் ஆனதும் எழும்புற இரண்டாவது கர்னலுக்குன்னு ஒதுக்கி வைக்குற மெமரி) 128 எம்பியிலிருந்து 256 எம்பியா ஏத்தி, ரீபூட் பண்ணிட்டு டெஸ்டை மறுபடி ஓட்டுங்க. கொழிஞ்சாம்பாறை லேப்ல புது கர்னல் போட்டதும் விஎம்கோர் (டம்ப் கோப்பு) வரலைன்னு சொன்னீங்களே, பெரும்பாலும் காரணம் இதுதான். புது கர்னலோட இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது மெமரியில ஏறுற தற்காலிக கோப்புத் தொகுப்பு) பெருத்திருக்கும். டம்பை எடுக்க எழும்புற இரண்டாவது கர்னல் மெமரி பத்தாம பாதியிலேயே செத்துடும்.

உறுதி பண்ண, கிராஷுக்கு முன்னாடி சிஸ்எஃப்எஸ்ல (கர்னல் நிலையைக் காட்டுற /sys கோப்புகள்) கெக்செக் க்ராஷ் லோடட் மதிப்பைப் பாருங்க. 0 என்றா இரண்டாவது கர்னலே ஏறலை, முதல்ல டம்ப் எடுக்குற கேடம்ப் சேவையைப் பாருங்க. 1 என்றா சீரியல் கன்சோலைப் பதிவு பண்ணிக்கிட்டே சிஸ்ஆர்க்யூ 'சி' (கர்னலை வேணும்னே கிராஷ் பண்ற கட்டளை) குடுங்க. 'அவுட் ஆஃப் மெமரி' வரி அங்கதான் தெரியும், டிஸ்க் லாக்ல வராது.

உங்க டெஸ்ட்லயும் ஒரு ஓட்டை இருக்கு, இதை அவசியம் அடைங்க. மெஷின் ரீபூட் ஆனா போதும்னு பாஸ் குடுக்குது. அப்படின்னா மழைக்காலத்துல கரண்ட் போய் வந்தாக்கூட பாஸ்தான். விஎம்கோரை க்ராஷ் கருவியில திறந்து, பேக்ட்ரேஸ்ல (கிராஷ் ஆகும்போது ஓடின ஃபங்க்ஷன்களோட வரிசை) சிஸ்ஆர்க்யூ ஹேண்டில் க்ராஷ் இருக்கான்னு சரிபார்க்கணும்.

மெஷின் ஓடும்போது ஒதுக்கீட்டைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது, அதனாலதான் ரீபூட். கிராஷ் ட்ரிக்கருக்கு முன்னாடி சிங்க் (மெமரியில நிக்குற டேட்டாவை டிஸ்க்ல எழுத வைக்குற கட்டளை) குடுங்க. வேற வேலை ஓடுற மெஷின்ல இதைச் செய்யவே செய்யாதீங்க.