தோளுக்குச் சுமையாகும் டிராம்போன்: மாற்றுவதா, விடுவதா?

கேள்வி: எனக்கு வயது 67. சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் நெடுங்காலமாக முதல் டிராம்போன் (ஸ்லைடு என்னும் நீளும் குழாயை நகர்த்தி ஊதும் பித்தளைக் கருவி) வாசிக்கிறேன். என் வாசிப்பில் குறை இருப்பதாக நடத்துனரோ சக கலைஞர்களோ சொன்னதில்லை. ஆனால் சில மாதங்களாக இடது தோளிலும் இடது கட்டைவிரலின் அடியிலும் வலி இருக்கிறது. முன்பு ஒரே மூச்சில் வாசித்த நீண்ட தொடர்களுக்கு இப்போது நடுவில் மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது. மேல் முன்பல் ஒன்றும் லேசாக ஆடுகிறது. எடை குறைந்த கருவிக்கு மாறச் சொல்கிறார் நண்பர். மாறினால் என் நாதம் போய்விடுமோ என்று பயப்படுகிறேன். ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டதா, டாக்டர்?

பதில்: உங்கள் வயதில் இடது தோள் வலியும் மூச்சுக் குறைவும் சேர்ந்து வந்தால், கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். டிராம்போனைத் தொடாத நாளில் படியேறும்போது வலி வந்து, நின்றால் அடங்குகிறதா? நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ கூடவே வருகிறதா? அப்படியானால் தாமதிக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இவை எதுவும் இல்லை என்றாலும் இசிஜியும், நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்துவிடுவது நல்லது. கையை உயர்த்தும்போதும், இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுக்கும்போதும் மட்டும் வலித்தால், அது பெரும்பாலும் தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களின் தேய்மானம்.

ஓய்வு பெற வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்பதுதான். வயதான பியானோ கலைஞர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: பொதுவான செயல்வேகம் எல்லோரையும் போல அவர்களுக்கும் குறைந்திருந்தது, ஆனால் விடாமல் பயிற்சி செய்தவர்களின் விரல்களில் அந்தக் குறைவு அவ்வளவாகத் தெரியவில்லை. உங்கள் சுருதி ஞானமும், ஸ்லைடை எங்கே நிறுத்துவது என்ற கணக்கும், உதடுகளின் பிடிமானமும் மூளையில் ஆழப் பதிந்தவை. ஜே ஃப்ரீட்மன் 1962இல் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். எண்பது வயதைக் கடந்த பிறகும் முதல் டிராம்போன் இருக்கையில் இருந்தார். அதே குழுவில் அடால்ஃப் ஹெர்செத் 1948 முதல் 2001 வரை முதல் டிரம்பெட் கலைஞர். எல்லோருக்கும் இது வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். வயது ஒன்றே தடை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தேய்ந்திருப்பது கலை அல்ல, அதைச் சுமக்கும் தோள். உங்கள் இடது கை செய்யும் வேலையைப் பாருங்கள். கருவியின் எடை முழுவதும் அதில்தான் இறங்குகிறது. மூன்று விரல்கள் ஸ்லைடின் குறுக்குக் கம்பியைப் பற்றியிருக்கின்றன. சுட்டுவிரல் மேலே, உதடுகளைப் பதித்து ஊதும் மவுத்பீஸை ஒட்டி நீண்டிருக்கிறது. கட்டைவிரல் மட்டும் தனியே விரிந்து, கூடுதல் குழாயைத் திறந்து சுருதியைத் தாழ்த்தும் எஃப் வால்வின் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கிறது. வலது கை ஸ்லைடை முன்னே தள்ளத் தள்ள பாரமும் முன்னே சாய்கிறது. அந்தச் சாய்வைத் தாங்குவதும் இடது தோள்தான். கட்டைவிரலை உள்ளே மடக்கி விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்று வலித்தால் அது தசைநாண் உறையின் அழற்சியாக இருக்கலாம். நெம்புகோலை மாற்றி அமைத்து, சில வாரங்கள் பட்டை கட்டினால் பலருக்குச் சரியாகும். வலி கட்டைவிரலின் அடிமூட்டிலேயே நின்றால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நண்பர் சொன்னது தவறில்லை. எதைக் குறைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக இருப்பது, குழாயின் உள்விட்டம் சுமார் 13.9 மில்லிமீட்டர் உள்ள கருவி. அதற்கு அடுத்தபடி 13.3 மில்லிமீட்டர். அது எடையிலும் குறைவு, காற்றும் கொஞ்சம் குறைவாகவே கேட்கும். முதல் டிராம்போன் வாசிக்கும் உங்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். எஃப் வால்வையே நீக்கிவிட்டால் ஏறத்தாழ ஒரு மீட்டர் குழாயின் எடை போகும், கட்டைவிரலுக்கும் விடுதலை. ஆனால் வால்வு இருந்தால் ஸ்லைடை நீட்டாத முதல் நிலையிலேயே கிடைக்கும் தாழ்ந்த ஸ்வரங்களுக்கு ஆறாம் நிலை வரை வலது கையை நீட்ட வேண்டிவரும். இடது தோளைக் காப்பாற்றப் போய் வலது தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மோசார்ட்டின் ரெக்வியம், பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி போன்றவற்றில் முதல் டிராம்போன் கலைஞரின் பங்கு, சிறிய வகையான ஆல்டோ டிராம்போனுக்கே எழுதப்பட்டது. ஸ்லைடும் சிறிது, எடையும் குறைவு. அந்தப் படைப்புகளுக்கு அதை எடுத்துக்கொள்வது வரலாற்றுக்கும் பொருந்தும், தோளுக்கும் இதம். இதையெல்லாம் செய்வதற்கு முன், நாற்காலியில் ஊன்றிக்கொள்ளும் தாங்கு கம்பியைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பாருங்கள். கருவியை மாற்றாமலே வலி தீர்ந்துவிடக்கூடும்.

நாதம் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு யோசனை. எதை மாற்றினாலும் மவுத்பீஸின் விளிம்பை மாற்றாதீர்கள். உதடுகள் இத்தனை ஆண்டுகளாகப் பழகியது அந்த விளிம்புக்குத்தான். கருவி, விளிம்பு, பயிற்சி நேரம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எதனால் கெட்டது, எதனால் தேறியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூச்சுக்கு வருவோம். நடுவயதுக்குப் பிறகு, ஒரு நொடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்று ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைகிறது. விலா எலும்புக்கூடும் விறைக்கிறது. இது எல்லோருக்கும் நடப்பது. சிகாகோவின் டூபா கலைஞர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் நுரையீரல் கொள்ளளவு குறைந்தவர். அந்த நுரையீரலோடுதான் பித்தளைக் கருவிகளிலேயே அதிகக் காற்றைக் கேட்கும் கருவியை 1944 முதல் 1988 வரை வாசித்தார். மூச்சு எடுக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஸ்வரங்களில் பக்கத்து இருக்கைக்காரருடன் மாறி மாறி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூச்சுக் குறைவோடு தொடர் இருமலும் இருந்தால் கருவியின் உட்புறத்தையும் சந்தேகிக்க வேண்டும். கழுவாத குழாயில் வளரும் பூஞ்சையும் கிருமிகளும் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவற்றில் ஒருவர் டிராம்போன் கலைஞர். கருவியைச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் அவருடைய நெடுநாள் இருமல் நின்றது.

இதயத்துக்கு அடுத்தபடி எனக்கு மிகவும் கவலை தருவது அந்த ஆடும் பல். மவுத்பீஸின் அழுத்தத்தை உதட்டுக்குப் பின்னாலிருந்து தாங்குவது முன்பற்கள்தான். ஈறு நோய் நிபுணரை இந்த வாரமே பாருங்கள். இன்னொன்றையும் கேட்டுப் பெறுங்கள்: பற்கள் இப்போது இருக்கும் நிலையை அச்சாகவோ ஸ்கேனாகவோ பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். நாளை அந்தப் பல்லை எடுக்க நேர்ந்தாலும், அதே வடிவத்தில், அதே சாய்வில் மாற்றுப் பல் செய்ய முடியும். பதிவு இல்லாமல் பல்லை இழந்தால், உதடுகள் புதிதாகப் பழக மாதக்கணக்கில் ஆகலாம். எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல் எடுத்த இடம் ஆறுவதை அது பாதிக்கலாம். ஒவ்வாமை மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் வாயை உலர்த்தும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

பயிற்சியை நிறுத்த வேண்டாம், சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துச் செய்யுங்கள். இருபது நிமிடம் வாசித்தால் கருவியைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். பிராம்ஸின் முதல் சிம்பொனியில் மூன்று பகுதிகள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்து, நான்காவதில் மிக மென்மையாக, உயரத்தில் நுழைய வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் தோளும் உதடும் இறுகிப்போகின்றன. மூன்றாம் பகுதியிலேயே தோள்களை மெல்லச் சுழற்றி, சத்தமில்லாமல் குழாய்க்குள் வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டிருங்கள்.

புதிய கருவியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் உங்கள் காதை மட்டும் நம்பாதீர்கள். வயதாக ஆக உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் மங்கும். அதனால் உங்களுக்கு மந்தமாகத் தோன்றும் கருவி, அரங்கில் இருப்பவருக்குப் போதிய பிரகாசத்தோடு கேட்கலாம். காது பரிசோதனையை முடித்துக்கொண்டு போங்கள். உங்கள் பக்கத்து இருக்கைக்காரரை அரங்கின் பின்வரிசையில் உட்காரவைத்து, பழைய கருவியையும் புதியதையும் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதையும், மறுநாள் காலையில் உங்கள் தோள் சொல்வதையும் வைத்து முடிவெடுங்கள்.