இத்தன வருஷமா சாப்பிட்ட இறால் இப்ப மட்டும் ஏன் ஒத்துக்கல?

தொண்டில இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார், சின்ன வயசுல இருந்து இறால், நண்டு சாப்பிட்டுத்தான் வளர்ந்தாராம், இப்ப 34 வயசுல ரெண்டு இறால் வாயில வச்சதுமே உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கிருச்சு, எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சான்னு.

குறையலண்ணே, அது தப்பான ஆளைப் பிடிச்சு அடிக்குது. இறால் தசையில ட்ரோபோமயோசின்னு ஒரு புரதம் இருக்கு, அதை உங்க உடம்பு என்னைக்கோ எதிரின்னு முடிவு பண்ணி ஐஜிஇ-ங்கிற ஆன்டிபாடிய, அதாவது எதிர்ப்புப் பொருளை, தயார் பண்ணிருச்சு, அது தோல், குடல், மூச்சுக்குழாய்ல இருக்கிற மாஸ்ட் செல்ங்கிற எதிர்ப்பு சக்தி செல் மேல ஒட்டிக்கிட்டு காத்திருக்கும், அந்தப் புரதம் திரும்ப உள்ள வந்ததும் மாஸ்ட் செல் ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தைக் கொட்டிரும், தடிப்பும் வீக்கமும் அதனாலதான். பெரியவங்களான பிறகு இந்த அலர்ஜி ஆரம்பிக்கிறது சகஜம்.

நல்லா வேக வச்சா போயிரும்னு நம்பாதீங்க, இந்தப் புரதம் சூட்டுக்கு அழியாது. நண்டு, சிங்கி இறால், ஏன் குழம்புல தூவுற சென்னாக்குன்னிங்கிற குட்டி இறால்ல கூட இதுதான். மீனோட புரதம் வேற, அதனால பலருக்கு மீன் ஒத்துக்கும், ஆனாலும் டாக்டர்கிட்ட டெஸ்ட் பண்ணிட்டு சாப்பிடுங்க.

ஐஸ் சரியா வைக்காத சூரை, காணாங்கெளுத்தி சாப்பிட்டு முகம் சிவக்கிறது வேற கதை, அந்த மீன்லயே பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கி வச்சிருக்கும், கூட சாப்பிட்டவங்களுக்கும் வரலாம்.

மூச்சு இழுத்தாலோ, தொண்டை அடைச்சாலோ, தலை சுத்தினாலோ செட்ரிசின்னு அலர்ஜி மாத்திரை போட்டுட்டு படுத்துராதீங்க, உடனே ஆஸ்பத்திரி, தொடையில போடுற அட்ரினலின் ஊசிதான் அப்ப உயிரைக் காப்பாத்தும். சில மணி நேரம் கழிச்சு மறுபடி வரலாம், அதனால டாக்டர் அனுப்புற வரை அங்கயே இருங்க.