வாசகர் கேள்வி – பதில்: மின்சார பஸ்

கேள்வி: சென்னை வியாசர்பாடி பணிமனையில் 2025 ஜூன் இறுதியில் 120 மின்சார பஸ்களை ஓட்டத் தொடங்கினார்கள். சேலத்துக்கும் நூறு பஸ் வாங்கிவிட்டால் போதாதா?

பதில்: பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் டெப்போவுக்கு எவ்வளவு கரண்டு வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். 12 மீட்டர் ஏசி பஸ், நகர நெரிசலில் கிலோமீட்டருக்குச் சுமார் 1.3 யூனிட் இழுக்கும். தினம் 180 கி.மீ. ஓடினால் 234 யூனிட். நூறு பஸ்ஸுக்கு 23,400. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 25,000ஐத் தாண்டும். கடைசி டிரிப் முடிந்து இரவு 11 மணிக்கு வண்டிகள் உள்ளே வந்து, காலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டுமானால், அந்த ஐந்து மணி நேரமும் சராசரியாக 5,000 கிலோவாட் வேண்டும். இதற்கு உயர் அழுத்த இணைப்பு, தனி டிரான்ஸ்ஃபார்மர்கள், துணை மின் நிலையத்திலிருந்து தனி கேபிள், அந்த கேபிளுக்காகச் சாலையைத் தோண்ட அனுமதி எல்லாம் தேவை. பஸ் வந்த பிறகு விண்ணப்பித்தால் வண்டிகள் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். மக்கள் பணத்தில் அப்படி நடக்கவே கூடாது.

இரண்டு கன் (பஸ்ஸில் செருகும் சார்ஜிங் பிளக்) உள்ள 240 கிலோவாட் சார்ஜரில் இரு பஸ்களை மாட்டினால் ஆளுக்கு 120 கிலோவாட் கிடைக்கும். சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்த ஜோடி முடிந்துவிடும், அடுத்த ஜோடியை மாட்டலாம். ஓர் இரவில் ஒரு சார்ஜர் நான்கு பஸ்ஸை ஏற்றிவிடும். ஆக நூறு பஸ்ஸுக்கு 25 சார்ஜர், பழுதானால் மாற்ற இன்னும் மூன்று. நள்ளிரவில் கன் மாற்றவும் வண்டியை நகர்த்தவும் ஆள் போட்டாக வேண்டும். டெண்டர் எழுதும்போது பல இடங்களில் விட்டுப்போவது இதுதான்.

கேள்வி: இரவு முழுக்க மாட்டியிருந்தும் சில பஸ்கள் காலையில் பாதி சார்ஜோடு நிற்கின்றனவே?

பதில்: பெரும்பாலும் கோளாறு பாட்டரியில் இருக்காது, கன்னில்தான் இருக்கும். முழுதாக உள்ளே போகாமலோ, லாக் விழாமலோ இருந்தால் சார்ஜர் தானே நிறுத்திவிடும். கன்னின் உலோக முனைகளில் தூசி, ஈரம் இருந்தால் அவை சூடேறி, சார்ஜர் கரண்டைக் குறைத்துவிடும். மாட்டியதும் நகர்ந்துவிடாமல் மூன்று நிமிடம் நின்று, திரையில் கிலோவாட் ஏறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு காரணம், திரை காட்டும் சதவீதமே தப்பாக இருப்பது. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பாட்டரியில் சார்ஜ் குறைந்தாலும் வோல்டேஜ் அதிகம் மாறாது. அதனால் மிச்சம் எவ்வளவு என்ற கணிப்பு நாளடைவில் பிசகும். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 100 சதவீதம் வரை ஏற்றி, பாட்டரிக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே அளவு சார்ஜுக்கு வரும் வரை விட்டுவைக்க வேண்டும்.

கேள்வி: மழை வெள்ளத்தில் ஓட்டலாமா?

பதில்: ஐபி67 (தூசி, நீர் புகாமல் தடுக்கும் அளவைச் சொல்லும் குறியீடு) தரம் என்றால், பாட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் மூழ்கிய வண்டியை இன்சுலேஷன் சோதனை (கரண்டு கசிகிறதா என்று பார்ப்பது) செய்யாமல் ஓட்டவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. சார்ஜர்களையும் மின் பலகைகளையும், அந்த டெப்போவில் இதுவரை தேங்கிய அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேலே மேடை கட்டி வையுங்கள்.