அங்கே விருந்தாளிக்கும் வேலை உண்டு

வணக்கம் சார்,

தம்பி ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் அம்மாவும் நானும் அவனைப் பார்க்கப் போகிறோம். கியோட்டோவில் ஒரு டீ செரிமனிக்கு, அதாவது அவர்கள் முறைப்படி தேநீர் உபசரிக்கும் நிகழ்ச்சிக்கு, பதிவு செய்யப் போவதாகச் சொல்கிறான். அம்மாவுக்கு மூட்டு வலி, மண்டி போட்டு உட்கார முடியாது. நாங்கள் சைவம் வேறு. முறை தெரியாமல் எதையாவது செய்து அவர்கள் மனம் நோகும்படி ஆகிவிடுமோ என்று பயம். இதெல்லாம் டூரிஸ்ட்டுகளுக்காகப் போடும் நாடகம்தானே, விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

விட்டுவிடாதீர்கள். அம்மாவையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் அருந்துவது இந்தக் காலத்து டூரிஸ்ட்டுகளுக்காக வந்த குறுக்குவழி இல்லை. 1872இல் கியோட்டோவில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதற்கு வரும் வெளிநாட்டவர்களை மனதில் வைத்து, உராசென்கே என்ற தேநீர் மரபின் 11ஆவது தலைவர் கெங்கென்சாய் மேசை நாற்காலி போட்டு நடத்தும் முறையை வகுத்தார். அதன் பெயர் ரியூரெய். பதிவு செய்யுமுன் தம்பியை அது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வாசலைப் பற்றியும் கேட்கட்டும். பழைய பாணி தேநீர் அறைகளின் நுழைவாயில் சுமார் 66 செ.மீ. உயரம்தான். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், அம்மாவின் முழங்கால் தாங்காது. வேறு வழி இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய சிக்கல் இல்லை. தேநீருக்கு முன் வரும் இனிப்பு பெரும்பாலும் பயறு விழுது, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசி இவற்றில்தான் செய்கிறார்கள். சிலவற்றில் முட்டை சேரும், கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு நாலு மணி நேரம் நடக்கும் முழு விருந்து மட்டும் வேண்டாம். அதன் சூப்பில் மீன் சாறு இருக்கும்.

அப்புறம், நாடகமா என்று கேட்டீர்கள். இந்த மரபுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் சென் நோ ரிக்யூ, 1591இல் இறந்தவர். அவருடையது என்று சொல்லப்படும் தையான் என்ற அறை கியோட்டோவுக்குப் பக்கத்தில் யாமசாகியில் இருக்கிறது. இரண்டே பாய் விரிக்கும் அளவு. உபசரிப்பவர் உட்கார்ந்தால் மிச்சம் விருந்தாளிக்குத்தான் இடம். வேடிக்கை பார்க்க வருகிறவர் எங்கே உட்காருவார்? நாடகம் என்றால் பார்வையாளர் வேண்டும். இங்கே வருகிற எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

உங்கள் வேலை இனிப்பிலிருந்து தொடங்குகிறது. நம் வழக்கப்படி ஒரு கடி, ஒரு வாய் டீ என்று மாற்றி மாற்றி வேண்டாம். இனிப்பை முழுதாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நாக்கில் அந்தத் தித்திப்பு இருக்கும்போதுதான் மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளின் கசப்பு சரியாக இறங்கும். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. 2 கிராம் அளவுக்குப் பச்சைத் தூள், நாலைந்து வாய் வெந்நீர், அவ்வளவுதான். ஒரே மூங்கில் துண்டைச் சன்னமாகக் கீறிச் செய்த மத்தால் அதைக் கடைவார்கள். அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். வேகமாக ஆரம்பித்து, கடைசியில் மெதுவாகி, மத்து மேலே எழுந்து வரும்.

கிண்ணத்தின் அழகான முகத்தை உங்களைப் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். பக்கத்தில் காத்திருப்பவரிடம் ‘ஒசாகி நி’ என்று சொல்லித் தலைதாழ்த்துங்கள், உங்களுக்கு முன்னால் நான் குடிக்கிறேன் என்று அனுமதி கேட்பதுதான் அது. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் கடிகாரச் சுற்றாக இரண்டு தடவை லேசாகத் திருப்புங்கள். அந்த அழகான முகத்தில் வாய் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான். கடைசி வாயைச் சத்தம் வர உறிஞ்சலாம். நம் வீட்டில் திட்டு விழும், அங்கே குடித்து முடித்ததற்கு அதுதான் அடையாளம். வாய் வைத்த இடத்தை விரலால் துடைத்து, கிண்ணத்தைப் பழையபடி திருப்பிக் கீழே வையுங்கள்.

பிறகு குனிந்து கிண்ணத்தைப் பாருங்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பகுதி இதுதான். அதிகம் தூக்காமல், தாழ்வாக வைத்துப் பார்க்க வேண்டும், கை தவறினாலும் உடையாது. அடியில் மெருகு படாத மண் தெரியும், சில கிண்ணங்களில் குயவரின் முத்திரையும் இருக்கும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடச் சொல்வது இதற்காகத்தான், உரசினால் கீறல் விழும். கிளம்பும்போது சென்ட் போட வேண்டாம். சுத்தமான வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

முறை தவறுமோ என்ற பயம் வேண்டாம். சுவரில் சித்திர எழுத்துச் சுருள் தொங்கும் மாடத்தை ஒட்டிய இடம் முதல் விருந்தாளிக்கு. உபசரிப்பவரோடு பேசும் பொறுப்பு அவருடையது. அங்கே போய் உட்காராமல் நடுவில் உட்காருங்கள், முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். விரல் எங்கே போக வேண்டும் என்று அவர்களே பொறுமையாகக் காட்டுவார்கள். பாயின் துணி ஓரத்தை மிதிக்காதீர்கள்.

கிமோனோ வாடகை, போட்டோ, அவசரமாக ஒரு கிண்ணம் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே உங்களை உபசரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆட்கள் குறைவாக உள்ள இடமாகத் தேடுங்கள். ஊஜியில் நகராட்சியே நடத்தும் தைஹோஅன் என்ற தேநீர் இல்லம் இருக்கிறது. பியோதோஇன் கோயிலுக்குப் பக்கத்தில்தான், கியோட்டோவிலிருந்து ரயிலில் போய்விடலாம். மாட்சாவுக்குப் பேர்போன ஊர் அது. அம்மா உட்கார என்ன வசதி என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.