வாசகர் கேள்வி – பதில்: மைக்ரோவேவில் தேங்காய்த் தொட்டிக் கரி

கேள்வி: 800 வாட் மைக்ரோவேவ் உலைக்குள் குவார்ட்ஸ் குடுவை வைத்து, காற்றில்லாமல் தேங்காய்த் தொட்டியைக் கரியாக்கப் பார்க்கிறோம். ஆவி வருகிறது, ஆனால் சூடு 150 டிகிரியைத் தாண்டவில்லை. ஏன்? – கல்லூரி மாணவி, கோவை

பதில்: தொட்டியில் மைக்ரோவேவ் அலையை உறிஞ்சுவது பெரும்பாலும் அதிலுள்ள ஈரம். ஈரம் போய்விட்டால் அலை தொட்டியை ஊடுருவிப் போய்விடும், சூடு ஏறாது. கரி அப்படியல்ல, அலையை நன்றாகவே உறிஞ்சும். ஆகவே பழைய கரியைப் பொடித்து, 100 கிராம் தொட்டிக்கு 10 முதல் 20 கிராம் வரை சேருங்கள். தொட்டித் துண்டுகள் 2 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கலவை சீராக இல்லாவிட்டால் ஓரிடம் சிவந்து எரியும், பக்கத்திலேயே பச்சையாகக் கிடக்கும். முடிந்தால் கிளறும் வசதி செய்யுங்கள்.

சூடாக்கும் முன் நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் குடுவைக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் பத்து நிமிடம் போதும். 300 டிகிரியைக் கடந்ததும் புதிதாக உண்டாகும் கரியும் அலையை உறிஞ்சத் தொடங்குவதால் சூடு திடீரென எகிறும். அப்போது மின்திறனைக் குறைத்து 500 டிகிரியில் நிறுத்துங்கள். முடிந்த பிறகும் 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை நைட்ரஜனை நிறுத்தாதீர்கள். சூடான கரியில் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும்.

குடுவை விரிசல் விடுகிறது என்றால் தாரை, அதாவது புகையிலிருந்து படியும் பிசினை, சந்தேகியுங்கள். சுவரில் படியும் தார் கரியாகி, அந்த ஓர் இடம் மட்டும் கொதிக்கும். புகை வெளியேறும் குழாயைச் சற்று அகலமாக, குளிர்விப்பானைக் குடுவைக்கு அருகிலேயே வையுங்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை வெறுமனே உள்ளே நுழைத்தால் பொறி பறக்கும், அளவும் பொய்யாகும். உலோக உறையிட்டு, உறையை உலையின் சுவரோடு இணைக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் உள்ள பழைய ஓவனைத் திருத்திச் செய்யலாமா? – மதுரை

பதில்: வேண்டாம். வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனையே இருக்காது, ஆளைக் கொல்லும். ஓவனின் மின்தேக்கியில் 2,000 வோல்ட் அளவு மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். குழாய்க்காகப் போடும் ஓட்டை வழியே அலையும் கசியும்.

கேள்வி: காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிறோம். குழியில் கரி சுடுவதை விட்டு மைக்ரோவேவுக்கு மாறினால் கட்டுமா?

பதில்: வெறும் கரி விற்பதற்கு என்றால் கட்டாது. கணக்கைப் பாருங்கள்: 100 கிலோ தொட்டியில் 20 கிலோ ஈரம் என்றால், அதை ஆவியாக்கவே 14 யூனிட் வெப்பம் வேண்டும். வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அலையாக மாறுகிறது. ஆக 21 யூனிட், கரியாக்கும் வேலை தொடங்கும் முன்பே போய்விடும். அந்த வேலையை வெயில் இலவசமாகச் செய்யும். புகை குளிரும்போது கூட வரும் எண்ணெயை நம்பியும் இறங்காதீர்கள். அது புளிப்பானது, தண்ணீர் கலந்தது, டீசல் எஞ்சினில் ஊற்றினால் எஞ்சினை அரித்துவிடும்.

உங்களுக்கு ஏற்றது மூடிய இரும்புக் கலன். தொட்டியிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்கே திருப்பி எரித்தால், குழியில் புகையாகப் போவது எரிபொருளாகும், ஊருக்கும் புகைத் தொல்லை குறையும். கிளர்வூட்டிய கரி (தண்ணீர் வடிகட்டப் பயன்படும் நுண்துளைக் கரி) தயாரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் மைக்ரோவேவை யோசிக்கலாம். நீராவி செலுத்தி 800 டிகிரிக்கு மேல் ஏற்றும் அந்தக் கட்டத்தில், தொட்டி ஏற்கெனவே கரியாகி அலையை நன்றாக உறிஞ்சும் நிலையில் இருக்கும்.