40 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது கட்டுபடியாகுமா?

கோவையில் 40 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் குடியிருப்பதாகவும், அன்றாடம் சேரும் சமையலறைக் கழிவை மாநகராட்சி வண்டிக்குக் கொடுக்காமல் வளாகத்துக்குள்ளேயே எரிவாயுவாக மாற்றலாமே என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பணத்துக்குக் கட்டுபடியாகுமா, கழிவை எறியாமல் மறுபடி பயனுக்குக் கொண்டுவரும் சுழற்சிப் பொருளாதாரம் என்று சொல்வது இதைத்தானா என்பவை உங்கள் கேள்விகள். நான் பொறியாளன் அல்லன். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே எங்கள் தோட்டத்துச் சாளையில் 11 ஆண்டுகளாகச் சாண எரிவாயுக் கலன் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கெடுத்தும் இருக்கிறேன், திரும்பச் சரிசெய்தும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: எரிவாயு வருமா என்பதில் சந்தேகமே வேண்டாம், வரும். வாயு எடுத்த பிறகு கலனின் மறுவாயில் வழியாக நாள் தவறாமல் வெளிவரும் கழிவுக் குழம்பை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்பதைத்தான் கூட்டத்தில் முதலில் பேசி முடிக்க வேண்டும்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஏறத்தாழ 25 கிலோ மாட்டுச் சாணம் ஒரு கன மீட்டர் எரிவாயு தரும். சோறு, காய்கறித் தோல், மீந்துபோன சாம்பார் என்று வரும் சமையலறைக் கழிவென்றால் அதே ஒரு கன மீட்டருக்குப் பத்து கிலோ போதும். மாடு தின்றதன் சத்தில் பெரும்பகுதியைத் தன் வயிற்றுக்குள்ளேயே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் சாணமாகப் போடுகிறது. நம் தட்டில் மீந்த சோற்றிலோ சத்து முழுதாக இருக்கிறது. புனேயில் ஆனந்த் கார்வே தலைமையில் இயங்கிய ஆர்த்தி என்ற நிறுவனம் இந்த எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் சாணமே தேவைப்படாத, நகரத்து வீடுகளுக்கு ஏற்ற சிறு கலனை உருவாக்கி 2006 ஆம் ஆண்டில் ஆஷ்டன் விருது பெற்றது.

உங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கழிவு சேர்வதாக வைத்துக்கொள்வோம். 40 வீட்டுக்கும் சேர்த்து 30 முதல் 40 கிலோ. அதிலிருந்து மூன்று முதல் நான்கு கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டர் சாண வாயு சுமார் 0.45 கிலோ சிலிண்டர் வாயுவுக்கு ஈடாகும் என்பதால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று உங்களுக்கு எட்டு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை மிச்சமாகும். மாதத்துக்கு மூன்று அல்லது நான்கு சிலிண்டர். இதை 40 வீட்டுக்கும் பங்கிட்டால் ஒரு வீட்டுக்குத் தினமும் ஓர் அடுப்பு கால் மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அழுத்தம் மிகக் குறைந்த இந்த வாயுவைக் குழாயில் மாடி மாடியாக ஏற்றுவதும் நடைமுறைக்கு ஒத்துவராது. கலனுக்கு அருகிலேயே இருக்கும் காவலாளி வீட்டு அடுப்போ, விழாக் கூடத்தின் சமையலறையோதான் அதைப் பயன்படுத்த முடியும். கலனைக் கட்டும் செலவையும், அதைக் கவனித்துக்கொள்ளும் ஆளுக்கு மாதந்தோறும் தர வேண்டிய கூலியையும் இதன் எதிரில் வைத்துப் பார்த்தால், சிலிண்டர் மிச்சத்தை மட்டும் நம்பி இறங்குகிறவர் ஏமாந்துபோவார்.

இனி மறுவாயிலுக்கு வருவோம். 40 கிலோ கழிவை அரைத்து அதே அளவு தண்ணீர் கலந்து விட்டால் உள்ளே போவது 80 கிலோ. நான்கு கன மீட்டர் வாயுவின் எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. மீதி 75 கிலோவும் குழம்பாக வெளியே வரும். இன்றும் வரும், நாளையும் வரும், தீபாவளியன்றும் வரும். கலனை விற்க வருகிறவர்கள் நீல நிறச் சுடரைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்களே தவிர, இந்த 75 கிலோவைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. உண்மையில் இதில்தான் விஷயமே இருக்கிறது. வாயுவாகப் பிரிந்து போவது மீத்தேனும் கரியமில வாயுவும், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் பெரும்பாலும். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை ஏறத்தாழ அப்படியே குழம்பில் தங்கிவிடுகின்றன. அவை மண்ணுக்குத் திரும்பினால் சுழற்சி முடிந்தது என்று பொருள், சாக்கடைக்குப் போனால் அதற்குச் சுழற்சி என்று பெயர் வைப்பது வீண்.

எங்கள் வீட்டுக் கலன் நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வாயு தரும் அளவுள்ள தீனபந்து வகையைச் சேர்ந்தது. செங்கல்லால் குமிழ் போலக் கட்டி மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. காதி ஆணையம் பரப்பிய பழைய வகையில் வாயுவின் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் இரும்புத் தொப்பி ஒன்று இருக்கும்; அது துருப்பிடித்து ஓட்டை விழுவதையும், அதற்கு வர்ணம் அடித்தே அலுத்துப்போனவர்களையும் எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். தீனபந்து 1984 இல் வந்த வடிவமைப்பு. அதில் அசையும் உறுப்பே கிடையாது. நாளைக்கு 50 கிலோ சாணம், அதற்குச் சமமாகத் தண்ணீர். கட்டுத்தரையில் ஐந்து மாடுகள் இருந்தவரை ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டுக்குச் சமையல் வாயு போதுமானதாக இருந்தது. காலையில் கலவைத் தொட்டியில் சாணத்தைக் கையால் கரைத்து, வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு அடைப்பானைத் தூக்கினால், உள்ளே போன அளவுக்கு மறுபக்கம் குழம்பு பொங்கி வாய்க்காலில் இறங்கி வாழைக்கும் தென்னைக்கும் போகும். சாணத்தின் வாடை அதில் இருக்காது, ஈ மொய்க்காது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போய், அங்கிருந்து மாட்டுக்குப் போய், சாணமாகி எருக்குழி வழியாக வயலுக்குப் போன வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்ற தொடர்தான் புதியது. நடுவில் ஒரு கலனை வைத்து, குழியில் வீணாகக் காற்றோடு போன மீத்தேனைப் பிடித்து அடுப்புக்குக் கொண்டுவந்தது மட்டுமே பின்னால் சேர்ந்த வேலை. இப்போதும் என் கருத்து, தின்னக்கூடிய மிச்சம் முதலில் மனிதருக்கும் அடுத்து மாட்டுக்கும் போன பிறகே கலனுக்கு வர வேண்டும் என்பதுதான்.

மாடுகள் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தபோது வாயு போதவில்லை. ஊர் முக்கில் உள்ள ஒரு சிறு உணவகத்திலிருந்து நாளைக்கு ஒரு வாளிக் கழிவை வாங்கி வந்து சாணத்தோடு சேர்த்துக் கரைக்கத் தொடங்கினேன். நன்றாகவே நடந்தது. அந்தத் தெம்பில், ஒரு முகூர்த்த நாளன்று கல்யாண மண்டபம் ஒன்றில் மீந்திருந்த இரண்டு அண்டாச் சோற்றை ஒரே நாளில் கலனுக்குள் கொட்டிவிட்டேன். மறுநாள் வாயு குபுகுபுவென்று வந்தது. அதற்கடுத்த நாள் காலையில் அம்மா அடுப்படியிலிருந்து, "வாயு வருது சாமி, தீதான் பத்த மாட்டேங்குது" என்றார். மறுவாயில் பக்கம் போய்ப் பார்த்தால் பழங்கஞ்சியும் காடியும் கலந்தாற்போன்ற புளித்த வாடை.

நடந்தது இதுதான். கலனுக்குள் இரண்டு வகை நுண்ணுயிர்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதல் கூட்டம் சோற்றை உடைத்து அமிலமாக்குகிறது. இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்குகிறது. முதல் கூட்டம் வேகமானது, இரண்டாவது நிதானமானது. மாவுப்பொருளை அளவுக்கு மீறிக் கொட்டினால் அமிலம் பெருகி, மீத்தேன் தரும் கூட்டம் செயலற்றுப்போகிறது. அதன் பிறகு வருவது பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. நல்ல நிலையில் உள்ள கலனில் மீத்தேன் 55 முதல் 65 விழுக்காடு இருக்கும், கரைசல் புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலையில் இருக்கும். நான் இரண்டு வாரத்துக்குத் தீனி போடுவதையே நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, பக்கத்துத் தோட்டத்தில் பச்சைச் சாணம் வாங்கிப் போட்டு, மெல்ல மெல்லத்தான் அதை மீட்டேன். அந்த இரண்டு வாரமும் சமையல் சிலிண்டரில் நடந்தது. அம்மாவின் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

உங்கள் அடுக்ககத்திலும் இது நடக்கும். ஒரு வீட்டில் விருந்து, மறுநாள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கழிவின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நாளுக்கு இவ்வளவு என்று எடை போட்டுப் போடும் ஒருவர் வேண்டும். மிஞ்சியதை உரக்குழிக்கு அனுப்பும் துணிவும் அவருக்கு வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் அதிகம் சேரக் கூடாது, எலும்பும் முட்டை ஓடும் தேங்காய் மட்டையும் உள்ளே போகக் கூடாது, பினாயில் கலந்த தண்ணீர் ஒரு வாளி போனாலே போதும், கலன் படுத்துவிடும். சுடர் குதித்துக் குதித்து எரிந்தால் குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தங்கியிருக்கிறது. திறந்து வடித்துவிட்டால் சரியாகும். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடால் வருவது. அடுப்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் ஜெனரேட்டர் ஓட்ட நினைத்தால் இரும்புத் துருவல் வழியாக வாயுவைச் செலுத்தி அதை நீக்காமல் விட்டால் என்ஜின் அரித்துப்போகும். எதற்காகவும் ஆள் கலனுக்குள் இறங்கக் கூடாது. காலியாக இருந்தாலும் கூடாது.

பெரிய அளவில் நடப்பதைப் பார்த்தாலும் சிக்கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் திறன் கொண்டது. அதிலிருந்து வண்டிகளுக்கு எரிபொருளாகும் உயிரி சிஎன்ஜி சுமார் 17 டன்னும் 100 டன் உரமும் கிடைக்கும் வகையில் அது அமைக்கப்பட்டது. அந்த நகரத்தில் வீட்டு வாசலிலேயே ஈரக் கழிவைத் தனியாகப் பிரித்து வாங்கும் பழக்கம் முன்பே ஊன்றியிருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. இப்படிக் கழிவிலிருந்து வண்டி எரிவாயு எடுப்பதற்காக 2018 இல் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டம் நாடெங்கும் 5,000 ஆலைகளை இலக்காக வைத்தது. அதன் அருகில்கூட நாம் வரவில்லை. வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்தது, உரத்தை யார் வாங்குவார் என்பதற்குத்தான் விடை இல்லை. 2023 இல் இத்தகைய ஆலைகளின் இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவித்தொகை அறிவிக்க வேண்டிவந்ததே அந்தச் சங்கடத்துக்குச் சான்று. இதற்கு மாறாக, சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுநீரை மூடிய குளங்களில் தேக்கி வாயு எடுத்து அந்த ஆலையின் இயந்திரங்களையே ஓட்டுகிறார்கள். கழிவைத் தருகிறவரும் வாயுவைப் பயன்படுத்துகிறவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அங்கே பேரமோ போக்குவரத்தோ குறுக்கே வருவதில்லை.

பணத்துக்குக் கட்டுபடியாகாவிட்டால் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். உங்கள் வளாகத்திலிருந்து வண்டியேறும் ஈரக் கழிவு, பிளாஸ்டிக்கோடு கலந்து போனால் வெள்ளலூர்க் கிடங்கு போன்ற ஓர் இடத்தில்தான் குவியும். காற்றுப் புகாத குவியலுக்குள் நடப்பதும் கலனுக்குள் நடக்கும் அதே வேலைதான். மீத்தேனைப் பிடிக்க மட்டும் அங்கே யாரும் இல்லை. நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போலச் சுமார் 27 மடங்கு புவியைச் சூடாக்கும் அந்த வாயு, குப்பைமேட்டில் பற்றும் தீக்கும் எண்ணெய் ஊற்றுகிறது. நாளைக்கு 40 கிலோவை அங்கே போகாமல் தடுப்பதுதான் உங்கள் ஆதாயம். சிலிண்டர் அதன் கூட வரும் கொசுறு.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கலனுக்கு முன்பணம் தராதீர்கள். 40 வீட்டுக் கழிவையும் பிரித்து வாங்கி அன்றாடம் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிளாஸ்டிக் பை எத்தனை நாள் உள்ளே கிடந்தது என்பதையும் எழுதுங்கள். அதே மூன்று வாரத்தில், தினமும் 75 லிட்டர் குழம்பை ஏற்றுக்கொள்ள உங்கள் வளாகத்தில் மரம் செடிகள் போதுமா, போதாவிட்டால் புறநகரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் யாரேனும் வாரம் இரு முறை டிரம்மில் எடுத்துப்போக ஒப்புவாரா என்று விசாரியுங்கள். ஒப்பினால் கலன் வைக்கலாம். இல்லையென்றால் காய்ந்த இலைகளோடு கலந்து மட்கு உரமாக்கும் தொட்டிகளை வாங்குங்கள். அதில் வாயு கிடைக்காது, ஆனால் முடிவில் கையில் கிடைப்பது வாளியில் அள்ளிப் பால்கனித் தொட்டிகளுக்குப் போடக்கூடிய காய்ந்த உரமாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப்போக உங்கள் 40 வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.