அவர்களைச் சேரவிடாமல் தடுப்பது எது?

கேள்வி: குடும்பக் காதல் கதைகளே எழுதிப் பழகிய ஒருவர் சரித்திரக் காதல், திரில்லர் காதல், அமானுஷ்யக் காதல் என்று வேறு வகைக்கு மாற முடியுமா? காதல் நாவல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகையையும் எப்படி அணுகுகிறார்கள்?

தாராளமாக மாற முடியும். ஆனால் எதை மாற்ற வேண்டும் என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். உடை, வீடு, வண்டி, பேசும் தோரணை இதையெல்லாம் மாற்றிவிட்டால் வகை மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதினேன். இப்போதெல்லாம் ஒரு கதையைத் தொடங்குவதற்கு முன் என்னை நானே கேட்டுக்கொள்வது ஒரே ஒரு கேள்விதான்: இந்த இரண்டு பேரையும் சேரவிடாமல் தடுப்பது எது? அந்தத் தடை எங்கிருந்து வருகிறதோ, அதை வைத்துத்தான் கதையின் வகையையே நான் தீர்மானிக்கிறேன்.

பமேலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட நூலில், காதல் நாவல் என்றால் அதில் எட்டு அங்கங்கள் இருக்கும் என்று வகுத்துக் காட்டினார். இருவரும் சந்திப்பது, ஈர்ப்பு, காதலைச் சொல்வது என்று போகிற அந்த வரிசையில் தடையும் ஓர் அங்கம். இனி சேரவே வழியில்லை என்று தோன்றுகிற கட்டம் இன்னொன்று. எந்த வகையை எடுத்தாலும் இந்த எட்டும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். முடிவு விஷயத்திலும் அப்படித்தான். 1980-ல் தொடங்கிய அமெரிக்கக் காதல் எழுத்தாளர்கள் சங்கம் காதல் நாவலுக்கு இரண்டே நிபந்தனைகள் வைத்தது: காதல்தான் மையக் கதையாக இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும். சரி, ஆரம்பம், முடிவு, நடுவில் வரும் நிலைகள் எல்லாமே பொது என்றால் மிச்சம் மாறுவது என்ன? தடைதான்.

ஒரு சின்னக் காட்சியை வைத்துச் சொல்கிறேன். அவளுடைய கையில் வெட்டுக்காயம், அவன் கட்டுப் போட வருகிறான். அவ்வளவுதான் காட்சி.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கிற கதை என்றால், அவள் கையுறை போட்டிருப்பாள். காயத்தைப் பார்க்க அதைக் கழற்றியாக வேண்டும். மணிக்கட்டில் வரிசையாகச் சின்னப் பொத்தான்கள், ரத்தம் பட்டு ஒன்று வழுக்குகிறது. கல்யாணமாகாத ஒரு பெண்ணின் வெறும் கையை அவன் பிடித்திருக்கிறான், கதவு பாதி திறந்து கிடக்கிறது, பக்கத்து அறையில் அத்தை இருக்கிறாள். இங்கே பொத்தான் கழற்ற ஆகிற நேரம்தான் காட்சி. அவசரப்பட்டு ஒரே வரியில் கழற்றிவிட்டால் கதை போச்சு.

அதே காயம் திரில்லர் காதலில் வந்தால், கண்ணாடி டம்ளர் உடைந்து குத்திவிட்டது என்று அவள் சொல்கிறாள். அவன் பஞ்சால் துடைக்கும்போது பார்க்கிறான், காயம் ஒரே நேர்க்கோடாக இருக்கிறது. கண்ணாடி இப்படி வெட்டாதே? கேட்கவில்லை. கட்டுப் போட்டு முடிக்கிறான், ஆனால் இறுக்கிக் கட்டும்போது அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்பும் சந்தேகமும் ஒரே கையில் இருக்கின்றன. அமானுஷ்யம் என்றால் ரத்த வாசனையே அவனுக்கு ஆபத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கட்டுகிறான். அப்புறம் இன்றைய காலத்துக் கதை. அங்கே யார் யாருடைய கையையும் தொடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவள் கையை இழுத்துக்கொண்டு "நானே கட்டிக்கிறேன்" என்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்குப் பதில் எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பதிலில்தான் முழு நாவலும் இருக்கிறது.

சரித்திரக் காதலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நன்றாக அடிபட்ட இடம் அது. என் முதல் சரித்திரத் தொடரில் நாயகி சித்தப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டுக் கிளம்பி வேறு ஊரில் அறை எடுத்துத் தங்குவாள். மூன்றாவது அத்தியாயம் போட்டதும் ஒரு வாசகி எழுதினார், "இவள் இன்றைய பெண், பழைய உடை மட்டும் உடுத்தியிருக்கிறாள்" என்று. தனியாக வந்த இளம்பெண்ணுக்கு அன்றைக்கு யார் அறை கொடுத்திருப்பார்கள், அவளுடைய கையில் பணம் எப்படி வந்தது, மறுநாள் அவளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று ஒன்றைக்கூட நான் யோசிக்கவில்லை. உடைகளைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். ரீஜன்சி காலம் என்று சொல்லப்படுகிற 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1753-ல் வந்த திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் உரிமம் வாங்கிக் கல்யாணம் செய்தால் அது செல்லாது. ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அதனால்தான் எல்லையைத் தாண்டியதும் வருகிற கிரெட்னா கிரீன் என்ற சின்னக் கிராமம் ஓடிப்போகும் காதலர்களுக்குப் பேர்போன இடமானது. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், அதுவும் குதிரை வண்டியில். வழியில் ராத்திரி தங்கியாக வேண்டும். கல்யாணமாகாமல் ஓர் ஆணோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டால் பெண்ணின் பேர் கெட்டுவிடும், பாதி வழியில் மனசு மாறினாலும் திரும்ப முடியாது. பின்னாலேயே அப்பாவின் வண்டி வருகிறது. இவ்வளவையும் எழுத்தாளர் கற்பனை செய்ய வேண்டியதில்லை, சட்டமே எழுதிக் கொடுத்துவிட்டது.

சொத்து விஷயமும் அப்படித்தான். 1882-ல் சட்டம் மாறும் வரை, தனியாக ஒப்பந்தம் எழுதி வைக்காவிட்டால் மனைவியின் உடைமை பெரும்பாலும் கணவன் கைக்குத்தான் போகும். அப்படியானால் சொந்தமாகப் பணம் உள்ள ஒரு நாயகி, ஒருவனை உயிராக நேசித்துக்கொண்டே கல்யாணம் வேண்டாம் என்று மறுக்கலாம். அவளுக்குப் பைத்தியமா என்று எந்த வாசகரும் கேட்க மாட்டார். இன்றைய கதையில் அதே மறுப்புக்கு நாம் பத்துப் பக்கம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ரீஜன்சி காதல் என்ற வகையையே உருவாக்கியவர் என்று ஜார்ஜெட் ஹேயரைச் சொல்வார்கள். அந்தக் காலத்து வண்டிகள், உடைகள், கொச்சைச் சொற்கள் என்று நோட்டு நோட்டாகக் குறிப்பு சேர்த்து வைத்தவர். 1937-ல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் வாட்டர்லூ போர் வருகிறது, அந்தப் போர்ப் பகுதியின் துல்லியத்தை இன்றைக்கும் பாராட்டுகிறார்கள். ஆனால் நான் அவரிடம் கற்றது வேறு. போர் அங்கே பின்னணிப் படமாக நிற்கவில்லை, நாளைக்கு அவன் உயிரோடு இருப்பானா என்பது தெரியாததால்தான் இன்றைக்கு அவர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள். சேர்த்த குறிப்பில் பத்தில் ஒன்று கதைக்குள் வந்தால் போதும். அந்த ஒன்று பாத்திரத்தின் முடிவை மாற்ற வேண்டும்.

திரில்லர் காதலில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டு கதைகள் சேர்ந்து ஓட வேண்டும், ஒன்று ஓடும்போது மற்றது உட்கார்ந்துவிடக் கூடாது. என்னுடைய கதை ஒன்றில் கொலைகாரனிடமிருந்து தப்பி இருவரும் ஒரு கிடங்கில் ஒளிந்துகொள்வார்கள், அங்கே நான்கு பக்கத்துக்கு மனம் விட்டுப் பேசுவார்கள். எழுதும்போது எனக்கு அவ்வளவு பிடித்த அத்தியாயம் அது. முன்கூட்டியே படித்துப் பார்த்த தோழி கேட்ட ஒரே கேள்வி, "துரத்தி வந்தவன் எங்கே போனான்?" அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். புதிதாக எழுதியதில் பேச்சே கிடையாது. அவளுக்கு அதுவரை அவன் மேலேயே சந்தேகம். வெளியே காலடிச் சத்தம் கேட்கிறது, அவன் கார் சாவியை எடுத்து அவளுடைய கையில் வைத்து விரல்களை மூடுகிறான். இனி அவள் அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடலாம். அது தெரிந்துதான் கொடுக்கிறான். நான்கு பக்கம் பேசியும் வராத நம்பிக்கை அந்தச் சாவியில் வந்தது. ஆபத்தில் ஒரு திருப்பம் வந்தால் அதே இடத்தில் உறவிலும் ஒரு திருப்பம் வர வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

அமானுஷ்யத்தில் விதிகள் முக்கியம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரிதான், முதல் சில அத்தியாயங்களுக்குள் விதியைச் சொல்லிவிட்டுக் கடைசியில் நம் வசதிக்காக அதை மீறக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது 'விதிக்கப்பட்ட ஜோடி' என்ற ஏற்பாடு. ஓநாய் மனிதர் கதைகளில் இது நிறைய வரும். இருவரும் சேர்வது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால், அவள் அவனைத் தேர்ந்தெடுத்தாள் என்று எப்படிச் சொல்வது? நல்ல எழுத்தாளர்கள் அந்தப் பந்தத்தையே தடையாக மாற்றிவிடுகிறார்கள். 'இது என் மனசா, இல்லை இந்தப் பந்தம் பண்ணுகிற வேலையா?' என்று அவளே சந்தேகப்படும்போது கதை உயிர் பெறுகிறது.

இன்றைய காலத்துக் கதைதான் சுலபம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே போன் இருக்கிறது, ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் மனஸ்தாபத்தை வைத்து முப்பது அத்தியாயம் ஓட்டினால் வாசகர் கோபப்படுவார், அந்தக் கோபம் நியாயமானது. சட்டமும் ஊரும் கொலைகாரனும் தடுக்காதபோது மனசுதான் தடுக்க வேண்டும். பேசிய பிறகும் தீராத ஒன்றாக அது இருக்க வேண்டும்.

ஒரே ஆள் இத்தனையும் எழுத முடியுமா என்றால், எழுதுகிறார்கள். ஜெய்ன் ஆன் கிரென்ட்ஸ் இன்றைய காலக் கதைகளை அந்தப் பேரிலும், சரித்திரக் கதைகளை அமாண்டா குவிக் என்ற பேரிலும், எதிர்காலக் கதைகளை ஜெய்ன் காஸில் என்ற பேரிலும் எழுதுகிறார். மூன்றும் ஒரே ஆள் என்பது ரகசியமில்லை, எந்த மாதிரி உலகத்துக்குள் போகிறோம் என்று அட்டையைப் பார்த்ததுமே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. நோரா ராபர்ட்ஸ் 1995-லிருந்து ஜே.டி. ராப் என்ற பேரில் எதிர்கால நியூயார்க்கில் நடக்கும் போலீஸ் தொடர் ஒன்றை எழுதிவருகிறார். ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். அதில் வரும் நாயகனுக்கும் நாயகிக்கும் தொடரின் தொடக்கத்திலேயே கல்யாணம் ஆகிவிடுகிறது. அதன் பிறகும் இத்தனை புத்தகம் ஓடுகிறது என்றால், சேர்வதற்குத் தடை போய், சேர்ந்து வாழ்வதற்கான தடைகள் வந்துவிட்டன என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பிந்தைய காதல் குடும்பக் கதை எழுதுகிறவர்களின் சொந்த மண் இல்லையா? நீங்கள் நினைப்பதைவிட அந்த வகை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதனால் புது நாவலை உடனே தொடங்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதிய கதையிலிருந்து இருவரும் நெருங்கி வந்து விலகுகிற ஒரு காட்சியை எடுங்கள், ஆட்களையும் உணர்ச்சியையும் அப்படியே வைத்துக்கொண்டு தடையை மட்டும் மாற்றி வேறொரு வகையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வசனம் தானாக மாறும். மேலே சொன்ன காயத்துக்குக் கட்டுப் போடும் காட்சி எனக்கு அப்படித்தான் கிடைத்தது, ஒரு வாரத்தில் நான்கு வகையில் நான்கு பக்கங்கள் எழுதினேன். அதில் கையுறைப் பக்கத்தை மட்டும் தூக்கிப்போட மனசு வரவில்லை, அதுதான் நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் தொடரின் இரண்டாவது அத்தியாயம்.